அவனுக்கு இன்னும் ஆறு மணிதான்

ஒரே ஷட்டருக்குப் பின்னால்தான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. இடப்பக்கம் நான்: ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். வலப்பக்கம் அவர்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது, பழுது பார்ப்பது. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுப்பதெல்லாம் என் காதில் விழும். நான் என் வாடிக்கையாளர்களைக் கடிந்துகொள்வதெல்லாம் அவர் காதில் விழும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன்.

அவரை எல்லோரும் டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட்டில் எந்நேரமும் ஒரு அளவு டேப் தொங்கும். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு அலமாரிக் கடையில் வீடு வீடாகப் போய் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவர் அளவெடுத்த ஒரு அலமாரி வீட்டுக்குள் நுழையாமல் மாடிப்படியிலேயே மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுப் பெரியவர் அதைத் தாண்டிக் குளிக்கப் போக வேண்டியதாயிற்றாம். முதலாளி கிழித்த கிழியில் வேலையை விட்டார். அளவெடுப்பதை மட்டும் விடவில்லை.

எந்த கம்ப்யூட்டர் கடைக்காரரும் "பட்ஜெட் எவ்வளவு" என்றுதான் ஆரம்பிப்பார். இவர் "எங்க வைக்கப் போறீங்க" என்பார். மேசைக்கு மேலா, கீழா, சுவரிலிருந்து எத்தனை விரல் இடம், பக்கத்தில் ஜன்னல் உண்டா, வீட்டில் தவழும் குழந்தை உண்டா என்று ஒரு கல்யாணத்துக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். போதாததற்கு வீட்டுக்கே போய் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு வருவார். "உள்ளே என்ன போகணும்னு எல்லாரும் யோசிக்கிறாங்க அக்கா. பெட்டி எதுக்குள்ளே போகணும்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை" என்பது அவர் கட்சி. ஒருமுறை ஒரு பையன் ஆசை ஆசையாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். கேபினெட் பெட்டியை விட இரண்டு விரல் நீளம். "தம்பி, இதை மடிச்சு வைக்கணும்னா தையல்காரர்கிட்டதான் போகணும்" என்று இவர் சொன்னதில் பையன் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மதர்போர்டு அவர் கையில் ஏறினாலும், அதிலிருக்கும் சட்டைப் பொத்தான் அளவு வட்ட செல்லை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவார். மின்சாரம் இல்லாதபோதும் கம்ப்யூட்டர் நேரத்தை மறக்காமல் வைத்திருப்பது அந்தச் செல்தான். யாரும் கேட்க மாட்டார்கள், இவரும் பில்லில் போட மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், கை தன்பாட்டுக்கு அதைச் செய்துவிடும்.

அந்தப் பெண் வந்தது ஒரு சாயங்காலம். பக்கத்துத் தெருவில் இருக்கும் பல் கிளினிக்கில் வரவேற்பு வேலை. சீட்டுகள் அச்சடிக்க என்னிடம் வந்து போகிறவள்தான். அன்றைக்கு என்னைத் தாண்டி அவரிடம் போனாள். வீட்டில் தம்பியின் கம்ப்யூட்டர் இருக்கிறது, ரொம்பப் பெரிய பெட்டி, அடுத்த மாதம் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம், வைக்க இடமில்லை, சின்னப் பெட்டிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள்.

டேப் வழக்கம்போல மூன்று அளவையும் எடுத்து வைத்தார். முழங்காலுக்கு மேல் உயரமான பெரிய டவர், நடுத்தரம், ஷூ டப்பா அளவுக்குக் கையடக்கமானது. அவள் யோசிக்கவே இல்லை. சின்னதின் மேல் கையை வைத்தாள்.

"இது போதும்ணா. டிவிக்குக் கீழே வெச்சுக்கலாம். ஆனா உள்ளே இருக்கிறது எல்லாம் அப்படியே இதுக்குள்ளே வந்துடணும். எதுவும் மாறக் கூடாது."

"தம்பி வந்து பார்த்துட்டுச் சொல்லட்டுமே மேடம்? அவர் யூஸ் பண்றதுதானே?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "அவன் ஒரு வருஷம் முன்னாடி வேலையிலேர்ந்து வர்ற வழியில ஆக்சிடென்ட்ல..." என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் டேப் அவள் வீட்டுக்கு அளவெடுக்கப் போனார். திரும்பி வந்தவர் என்னிடம் அளவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தூசு இல்லை அக்கா" என்றார். "ஒரு வருஷமா ஆள் இல்லாத ரூம். பெட்டி மேல ஒரு பொட்டுத் தூசு இல்லை. நாற்காலியை மேசைக்குள்ளே தள்ளலை. யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி வெளியே இழுத்து வெச்சிருக்காங்க. நான் உட்காரப் போனேன். அந்தம்மா 'அதுல வேணாம்ணா'ன்னு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுச்சு."

கூரியர் ஆபீசில் பகல் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் வீடியோ எடிட் செய்கிறவனாம் அந்தத் தம்பி. அதற்காகவே பெரிய டவர், பெரிய போர்டு, நீல விளக்கு எரியும் நான்கு ஃபேன்கள். அந்தப் போர்டு சின்னக் கேபினெட்டில் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாது. "போர்டை மாத்தித்தான் ஆகணும். ஹார்ட் டிஸ்க் அதேதான், அவர் சேர்த்து வெச்சது எல்லாம் அதுல பத்திரமா இருக்கும்" என்று டேப் சொல்ல, அவளும் சரி என்றாள். ஞாபகங்கள் டிஸ்க்கில்தான் இருக்கும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

டேப் சின்னக் கேபினெட்டில் புதுப் போர்டு போட்டு, டிஸ்க்கை மாற்றி, அவர்கள் குடிபோன சின்ன வீட்டில் டிவிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். பெரிய டவர் பழைய போர்டோடு எங்கள் கடைக்கு வந்தது. அதை விற்றுத் தருவதாகப் பேச்சு. தன் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியவர், இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் வந்தால் ஓட்டிக் காட்டலாம் என்று பிளக்கைச் சொருகினார். செல்லை விற்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கே பொழுது சாய்ந்து நான் மெஷினை அணைக்கிற நேரத்தில் அவள் வந்தாள். கிளினிக் உடுப்பிலேயே வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவன் வரலைண்ணா."

டேப் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவளாகவே சொன்னாள். தம்பி இருந்தவரை தினமும் சரியாக ஆறு மணிக்கு அந்த கம்ப்யூட்டர் தானாக ஓட ஆரம்பிக்குமாம். அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது வேலைக்குத் தயாராக இருக்கும். அவன் போன மறுநாளும் ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் வேலை முடிந்து வந்ததும் சுவர் சுவிட்சை மட்டும் போட்டு வைத்துவிட்டு, அது தானாக எழும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். திரையில் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அன்றைய கதையெல்லாம் அதனிடம் பேசிவிட்டுச் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவாள்.

"அப்புறம் லேட்டாக ஆரம்பிச்சான். ஆறரை ஆச்சு. ஏழாச்சு. கடைசியா ஏழே முக்காலுக்கு மேல. சுவர்க் கடிகாரத்துல ஏழே முக்கால் இருக்கும், ஸ்க்ரீன்ல பார்த்தா ஆறுன்னு இருக்கும். அவனுக்கு இன்னும் ஆறு மணிதாண்ணா. வந்துட்டேதான் இருக்கான், ஆனா தூரம் ஜாஸ்தியாகுதுபோலன்னு நினைச்சுக்கிட்டேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் நான்தான் ஆன் பண்றேன்னு நினைக்கிறார். டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்கிறார். நான் ஒண்ணும் லூசு இல்லைண்ணா. ஆனா ரெண்டு நாளா அவன் வரலை."

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. டேப்புக்குக் காரணம் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தடுமாறினார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குப் பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். பெரிய டவரில் நான்கு ஃபேன்களும் ஒன்றாகச் சுழன்றன. நீல வெளிச்சம் அவள் முழங்காலில் விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

நான் "ஐயோ" என்று கத்தியேவிட்டேன். அவள் கத்தவில்லை. எழுந்துபோய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்கயாடா வந்தே?" என்றாள். "வீடு மாறினதை உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டேப் அவள் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்து, மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தினமும் ஆறு மணிக்கு எழுந்திரு என்று தம்பி அந்தப் போர்டிலேயே சொல்லி வைத்திருக்கிறான். அது டிஸ்க்கில் இல்லை, போர்டில் இருக்கிறது. போர்டில் உள்ள செல் பலமிழந்துவிட்டது, அதனால் சுவிட்சை அணைத்து வைக்கும் நேரமெல்லாம் அதன் கடிகாரம் பின்தங்குகிறது. முன்பு இன்டர்நெட் இருந்தது, அது தினமும் நேரத்தைத் திருத்திவிட்டது. தம்பி போன பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள், திருத்த ஆளில்லை. அவ்வளவுதான் மேடம், வேறொன்றும் இல்லை.

அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"ஆறு மணின்னு அதுல வெச்சது யாருண்ணா?"

"உங்க தம்பிதான்."

"அப்ப வர்றது அவன்தானே."

"வேணும்னா அந்தச் சின்னதுல நானே ஆறு மணிக்கு வெச்சுத் தரேன் மேடம். அதே மாதிரி தானா ஆன் ஆகும்" என்றார் டேப்.

"நீங்க வெச்சா அது நீங்க வர்றதா ஆயிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

மறுநாளே டேப் அளவு டேப்போடு அவர்களுடைய சின்ன வீட்டுக்குப் போனார். பெரிய டவர் எங்கேயும் நுழையாது. துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. நடுத்தரக் கேபினெட் அதில் விரல் நுழைகிற இடைவெளியோடு நிற்கும், பழைய போர்டும் அதற்குள் போகும். அந்தச் சந்தில் அவள் கணவர் குடையும் ஹெல்மெட்டும் வைத்திருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் எடுத்து வேறு இடத்தில் வைத்தாராம்.

கடைக்கு வந்து நடுத்தரக் கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டேப் வேலையில் இறங்கினார். பழைய போர்டை ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கரண்ட் பில்லில் அவர் பங்கு எவ்வளவு என்று ஆரம்பித்தேன். உங்க ஜெராக்ஸ் மெஷின் குடிக்கிறதா, என் பெட்டிகள் குடிக்கிறதா என்று அவரும் பதிலுக்கு எகிறினார். பேசிக்கொண்டே திருகாணிகளை முடுக்கினார். பேசிக்கொண்டே அந்த நீல ஃபேன்களையும் மாட்டி வயர்களைச் சொருகினார். திடீரென்று பேச்சு நின்றது.

தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் இடது உள்ளங்கையில் அந்தப் பழைய செல் கிடந்தது. வலது கையில் புதுச் செல், பாதி உறையில் பாதி வெளியில்.

"கழட்டிட்டேன் அக்கா."

"திரும்ப மாட்டிடு."

"மாட்டினா வராது. செல்லை எடுத்த உடனே போர்டு எல்லாத்தையும் மறந்துடும். அவன் வெச்சது போயிடுச்சு."

அப்படியும் பழைய செல்லையே திரும்பப் போட்டு ஓட்டிப் பார்த்தார். திரையில் பல வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேதி வந்து நின்றது. நேரம் பன்னிரண்டு. ஆறு மணி என்று எங்கேயும் இல்லை. டேப் தன் வலது கையையே வெறித்துப் பார்த்தார். அதன்மேல் அவருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்தபோது, எனக்கு அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

"போய் சொல்லிடுப்பா. கை தவறிடுச்சுன்னு சொல்லு" என்றேன்.

"ஒரு தடவை செத்தவனை நான் இன்னொரு தடவை சாகடிச்சேன்னு சொல்லவா?"

சொல்லவில்லை. அவரே ஆறு மணிக்கு வைத்தார். போர்டின் கடிகாரத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மணிநேரம் பின்னால் தள்ளி வைத்தார், வழக்கம்போலத் தாமதமாக வருவதற்கு. புதுச் செல்லைப் போட்டார். பழைய செல் பாதியில் செத்துவிட்டால் அதுவும் நின்றுபோகுமே என்ற பயம். கொண்டுபோய், டிஸ்க்கையும் சின்னதிலிருந்து இதற்கே மாற்றி, அந்தச் சந்தில் நிறுத்தினார். அன்றைக்கு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது எழுந்தது. அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாளாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதுச் செல் போட்ட கடிகாரம் பின்தங்காது. அவன் மட்டும் வாரா வாரம் தாமதமாக வேண்டுமே! சனிக்கிழமைகளில் தூசு ஊதும் கருவியைத் தூக்கிக்கொண்டு இவர் கிளம்ப ஆரம்பித்தார். "அந்தச் சந்துல தூசு சேரும் மேடம், ஃப்ரீ சர்வீஸ்" என்று சொல்லி, பக்கவாட்டு மூடியைத் திறந்து ஊதிவிட்டு, அவள் சமையலறைக்குப் போகும் சமயம் பார்த்துக் கடிகாரத்தை இரண்டு நிமிஷம் பின்னால் நகர்த்திவிட்டு வருவார்.

"உனக்குப் பைத்தியமா?" என்று நான் கேட்டேன். சிரித்தார், ஆனால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தார். எட்டு மணி நெருங்கினால் வாடிக்கையாளர் எதிரே இருந்தாலும் பேச்சு பாதியில் நின்றுவிடும். "இப்ப வந்திருப்பான்" என்பார். யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருநாள் மூடிய ஷட்டரை மறுபடி தூக்கிப் பார்த்தார். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டதாம். உள்ளே எல்லா பிளக்கும் பிடுங்கித்தான் கிடந்தன.

நடுவில் அவருக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு சனிக்கிழமை போக முடியவில்லை. தேறிய பிறகு ஒரு சாயங்காலம் போனார். அவள் மூடியைத் திறக்க விடவில்லை. அந்த நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கண்ணா" என்றாள். யாரையும் உட்கார விடாத அதே நாற்காலி.

"நீங்க வராத ரெண்டு வாரமும் அவன் ஒரு நிமிஷம்கூட லேட் ஆகலைண்ணா."

இவர் எதையெதையோ உளறியிருக்கிறார். சூடு, மின்சாரம், புதுக் கேபினெட்டின் காற்றோட்டம் என்று. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் இவர் கையை நீட்டி, "செல்லைக் கழட்டிட்டேன்மா. இந்தக் கைதான். கைப்பழக்கம். அவர் வெச்சது அன்னிக்கே போயிடுச்சு. அப்புறம் வந்ததெல்லாம் நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் சந்திலிருந்து நீல வெளிச்சம் வந்தது. ஃபேன்கள் சுழன்றன. திரையில் ஆறு மணி. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கணவர் சமையலறை வாசலில் ஈரத் தட்டோடு நின்றார். அவள் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என் தம்பி செத்துட்டான்" என்றாள், கணவரைப் பார்த்து. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டது அன்றுதானாம். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுத அழுகையை டேப்பால் எனக்குச் சொல்ல முடியவில்லை. அங்கிருந்து கிளம்பவும் முடியாமல், அந்த நாற்காலியிலிருந்து எழவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததாக மட்டும் சொன்னார்.

அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்கண்ணா. டிஸ்க்கை மட்டும் அந்தச் சின்னதுல போட்டுக் குடுங்க. சின்னதே போதும்."

போட்டுக் கொடுத்தார். இப்போதும் அவள் என்னிடம் சீட்டு அச்சடிக்க வருகிறாள். அவரைப் பார்த்தால் "சாப்பிட்டீங்களாண்ணா" என்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது. அவன் செய்த வீடியோ ஒன்றைப் பார்த்ததாகவும் சொன்னாள். பாஸ்வேர்டு இல்லாமல் டிஸ்க்கைத் திறந்து கொடுத்தது டேப்தான்.

நடுத்தரப் பெட்டி மட்டும் அவர் மேசைக்கு அடியில் கிடக்கிறது. நல்ல போர்டு, நல்ல கேபினெட். கேட்டு வந்தவர்களிடம் "கம்ப்ளெயின்ட் இருக்கு" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டார். நேற்று ஒரு ஆள் வாங்கியே தீருவேன் என்று நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டுப்பா. அதுக்கென்ன நோவு?" என்றேன்.

டேப் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர் அவர். அந்த ஆறு மணியை வைத்தவரும் அவரே. ஒவ்வொரு திருகாணியும் அவர் கைபட்டது.

"சொருகி, வந்துட்டான்னா?" என்றார்.

இது என்ன கூத்து என்று தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் வயரை நானே கையில் எடுத்தேன். வந்த ஆள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிளக்கைச் சுவர் வரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம் அதைச் சுருட்டிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, விற்பனைக்கு இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.